பொருளியல் பேராசிரியர்கள் எதை ஆராய்ந்தார்கள்? தில்லையடியிலிருந்து ஒரு பார்வை

உயர்தரப் பரீட்சை முடிவு வந்த இரவே நம் பிள்ளைகள் இசட் புள்ளியைப் பார்த்துவிடுவார்கள். அடுத்த வேலை, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலைப் புரட்டுவது. புத்தளம் மாவட்டத்துக்குப் போன வருடம் எந்தப் பாடநெறிக்கு எந்த வெட்டுப்புள்ளி என்று வரிவரியாகத் தேடுவார்கள். திறமைக்கு 40 வீதம், மாவட்டத்துக்கு 55 வீதம், பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு 5 வீதம், அந்தப் பதினாறில் நம் புத்தளமும் ஒன்று என்ற கணக்கெல்லாம் தில்லையடியில் தேநீர்க்கடைப் பேச்சிலேயே அடிபடும். ஒலுவிலா, யாழ்ப்பாணமா, பேராதனையா, விடுதி கிடைக்குமா, எத்தனை பஸ் மாற வேண்டும், பெண்பிள்ளையைத் தனியே அனுப்பலாமா என்று வீட்டில் ஒரு கிழமை விவாதம் நடக்கும். அங்கே பொருளியல் படிப்பிக்கும் பேராசிரியர் எதை ஆராய்கிறார் என்று கேட்ட வாப்பாவையோ உம்மாவையோ நான் இதுவரை கண்டதில்லை.

கேட்க வேண்டிய கேள்விதான். விரிவுரையாளர் இரவில் எதைப் பற்றி மண்டையை உடைத்துக்கொள்கிறாரோ அது காலையில் வகுப்புக்குள் வந்துவிடும். நாலு வருடத்தில் பிள்ளையின் தலைக்குள் எந்தக் கேள்வி முளைக்கும் என்பதைப் பாதி அதுதான் தீர்மானிக்கிறது. இந்த மலரின் குழுவினர் என்னிடம் கேட்டது 'இலங்கைப் பல்கலைக்கழகங்களில் பொருளியல் கல்வியின் வளர்ச்சி' என்ற தலைப்பில் ஒரு கட்டுரை. எழுத உட்கார்ந்தபோது, எந்தத் துறை எந்தத் திகதியில் திறக்கப்பட்டது என்பதைவிட, அங்கே இருந்தவர்கள் எதைத் தேடினார்கள் என்பதே சொல்லத் தக்க கதையாகத் தெரிந்தது. தலைப்பை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன். குழுவினர் பொறுத்தருள வேண்டும்.

பல்கலைக்கழகம் வருவதற்கு நூறு வருடங்களுக்கு முன்பே இந்தக் கரையைப் பற்றிக் குறிப்பெடுத்தவர் ஒருவர் உண்டு. 1807இல் கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி. புத்தளத்தில் மணியகாரராக இருந்த காலத்தில், 1834இல், இலங்கை முழுவதற்குமான விவரத் திரட்டு ஒன்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். ஊர், ஆறு, குளம், குடிமக்கள், விளைபொருள் என்று எல்லாம் அகரவரிசையில் இருக்கும். 'தமிழ் புளூட்டாக்' எழுதிய புலவர் சரித்திரக்காரர் என்று தமிழ் ஆசிரியர்கள் அவரைத் தங்கள் ஆளாக வைத்திருக்கிறார்கள். பொருளியல் ஆசிரியர்களாகிய நாங்கள் ஏன் உரிமை கோரவில்லை என்பது எனக்கு விளங்குவதில்லை. அவருக்கும் முன்னே, 1344இல் புத்தளத்தில் கரையிறங்கிய இப்னு பதூதா, கரையோரம் குவிந்து கிடந்த கறுவாக் கட்டைகளைப் பார்த்தார். மஃபர், மலபார் நாட்டவர்கள் அவற்றை விலை கொடுக்காமல் ஏற்றிப் போகிறார்கள், அதற்குப் பதிலாக அரசனுக்குத் துணிமணி கொடுக்கிறார்கள் என்று எழுதிவைத்தார். சர்வதேச வர்த்தகம் என்ற பாட அலகைத் தொடங்க இதைவிடப் பொருத்தமான உதாரணம் பாடநூலில் இல்லை.

இனிப் பல்கலைக்கழகக் கதை. 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. 1942 யூலையில் அது இலங்கைப் பல்கலைக்கழகமாயிற்று. அங்கே பொருளியல் பேராசிரியராக இருந்தவர் பி. பி. தாஸ் குப்தா என்ற வங்காளி. 1949இல் அவர் எழுதிய இலங்கைப் பொருளாதாரம் பற்றிய சிறு நூல், சுதந்திரம் கிடைத்த கையோடு நாடு தன்னைத் தானே பார்த்துக்கொண்ட முதற்புத்தகங்களில் ஒன்று. தேயிலை, இறப்பர், தெங்கு என்ற மூன்று ஏற்றுமதியில் நாடு நின்ற காலம் அது. அன்றைய ஆராய்ச்சியாளர்களுக்குப் பெரிய கேள்வி, இந்த மூன்று காலும் ஆடினால் என்ன ஆகும் என்பதே. புத்தளம் அவர்கள் பார்வைக்கு வந்தது தெங்கு முக்கோணத்தின் வடக்கு மூலையாக மட்டும்.

அடுத்த தலைமுறையில் எச். ஏ. டி எஸ். குணசேகர பணத்தை எடுத்துக்கொண்டார். இலண்டன் பொருளியல் கல்லூரியில் ஆராய்ந்து 1962இல் வெளிவந்த அவருடைய நூல், 1825 முதல் 1957 வரையான இலங்கையின் நாணய வரலாறு. கேட்டதும் கொட்டாவி வருகிற தலைப்புத்தான். ஆனால் அதற்குள் இருக்கும் பொறிமுறை நம் கடைத்தெருவைத் தொடுகிறது. 1884இல் ஓரியன்டல் வங்கி முறிந்து, அதன் நோட்டுகளுக்கு அரசாங்கம் பொறுப்பேற்க வேண்டி வந்தது. அன்றிலிருந்து நாணயச் சபை ஒன்றே நோட்டு வெளியிட்டது. கையிருப்பில் எவ்வளவு வெளிநாட்டுச் சொத்து இருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் உள்ளூரில் நோட்டு. இலண்டன் ஏலத்தில் தேயிலை விலை விழுந்தால் கையிருப்புக் குறையும், கையிருப்புக் குறைந்தால் நோட்டுக் குறையும். சிலாபத்துச் சந்தையில் தேங்காய் விற்பவன் தன் கையில் காசு புழங்காததற்குக் காரணம் தெரியாமல் விதியை நொந்துகொள்வான். 1950 ஆகஸ்டில் மத்திய வங்கி திறந்த பிறகுதான் அந்தக் கட்டு அவிழ்ந்தது. அவிழ்ந்த கட்டைக் கையாளத் தெரியாமல் நாம் 2022இல் எங்கே போய் நின்றோம் என்பதை, எரிபொருள் வரிசையில் இரவு படுத்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

குணசேகர 1970இல் திட்டமிடல் அமைச்சின் செயலாளராகப் போனார். பேராசிரியர் அறைக்கும் அமைச்சு அறைக்கும் அன்று இடைக்கதவு இருந்தது. அதற்குப் பத்துப் பன்னிரண்டு வருடம் முன்னால், 1958, 59இல், நிக்கலஸ் கல்டோர், ஜோன் ரொபின்சன், குன்னார் மிர்தால், ஜோன் ஹிக்ஸ், கல்பிரெய்த் என்று உலகின் பெரிய தலைகள் எல்லாம் திட்டமிடல் சபையின் அழைப்பில் இங்கே வந்து யோசனை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவை ஒரு தொகுப்பாகவே வெளிவந்தன. இவ்வளவு சின்ன நாட்டுக்கு இவ்வளவு பெரிய வைத்தியர்கள் வந்தது அதிசயம்தான். அதன் விளைவு ஒன்றை மட்டும் சொல்கிறேன். பல்கலைக்கழகப் பொருளியலின் கண் கொழும்பிலிருந்து நாட்டைப் பார்க்கும் கண்ணாகவே பழகிவிட்டது. கேள்வி கேட்பது திறைசேரி, பதில் தேடுவது பேராசிரியர். திறைசேரிக்குத் தில்லையடியைப் பற்றிக் கேட்க என்ன இருக்கிறது?

கிராமத்துக்கு இறங்கிப் போனவர்களும் இருந்தார்கள். என். கே. சார்க்கரும் எஸ். ஜே. தம்பையாவும் பாத்த தும்பறையில் வீடுவீடாகப் போய்ச் செய்த ஆய்வு 1957இல் வெளிவந்தது. காணியற்றவர்கள் எப்படி உருவாகிறார்கள் என்பதைக் கண்டிப் பக்கத்துக் கிராமங்களில் அது காட்டியது. சார்க்கர் பொருளியலாளர். தம்பையா பின்னாளில் உலகப் புகழ் பெற்ற மானிடவியலாளர். இந்த வகை ஆய்வு பொருளியல் துறைக்குள் வேர்விட்டிருந்தால் கதை வேறு மாதிரிப் போயிருக்கும். அது மெல்ல மெல்லச் சமூகவியலுக்கும் மானிடவியலுக்கும் கைமாறியது. நம் மாவட்டத்திலேயே அதற்கு உதாரணம் உண்டு. சிலாபம் பக்கத்து அம்பகந்தவில மீனவர் கிராமத்தில், மீன் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது, கடனுக்கும் விலைக்கும் என்ன தொடர்பு, சம்மாட்டிக்கும் பெண்வியாபாரிக்கும் இடையில் என்ன பேரம் என்று துருவிப் பார்த்து 1988இல் நூல் எழுதியவர் ஆர். எல். ஸ்டிரட். அவர் மானிடவியலாளர். சந்தை, விலை, கடன் எல்லாம் எங்கள் பாடத்திட்டத்தின் அலகுகள். ஆராய்ந்தது வேறு துறை.

1960இலிருந்து கலைப்பாடங்கள் தமிழிலும் சிங்களத்திலும் நடக்கத் தொடங்கின. கேள்வி, நிரம்பல், நெகிழ்ச்சி என்று இன்று நம் பிள்ளைகள் தண்ணீர்பட்ட பாடாகச் சொல்லும் சொற்களெல்லாம் அந்தக் காலத்து மொழிபெயர்ப்பாளர்களும் விரிவுரையாளர்களும் உட்கார்ந்து பொறுக்கியவை. விவசாயி வீட்டுப் பிள்ளையும் மீன்பிடிகாரர் வீட்டுப் பிள்ளையும் பொருளியல் பட்டதாரியானது அதனால்தான். ஆனால் படிப்பு தமிழுக்கு வந்த அளவுக்கு ஆராய்ச்சி வரவில்லை. பதவி உயர்வுக்கு ஆங்கில ஆய்விதழ்க் கட்டுரைக்கே புள்ளி அதிகம். யாரைக் குறை சொல்ல?

யாழ்ப்பாண வளாகம் 1974இல் க. கைலாசபதி தலைமையில் திறந்தது. பொருளியல் துறைக்குப் பேராசிரியர் ந. பாலகிருஷ்ணன் வந்தார். சுதந்திரத்துக்குப் பிந்திய கைத்தொழில் கொள்கை அவருடைய புலம். அரசு ஆலைகள் எதற்காகத் தொடங்கப்பட்டன, எங்கே வைக்கப்பட்டன, ஏன் இறக்குமதி மூலப்பொருளில் தொங்கின என்று நிதானமாக எழுதினார். புத்தளம் சீமெந்துத் தொழிற்சாலையின் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்து வளர்ந்த எங்களுக்கு அந்த எழுத்து அந்நியமாகத் தெரிவதில்லை. அதே துறையில் இருந்த வி. நித்தியானந்தன், தமிழ்த் தேசியவாதம் தோன்றியதன் பொருளாதாரக் காரணங்களை எண்பதுகளிலேயே ஆராய்ந்தார். காணி, அரசாங்க வேலை, பல்கலைக்கழக அனுமதி என்று அவர் தொட்டவை எல்லாம் சூடான பொருள்கள். பிற்பாடு நியூசிலாந்துக்குப் போனார். வடக்குக் கிழக்கை முன்வைத்து இலங்கையின் பொருளாதார வரலாற்றைத் தமிழிலேயே எழுதியவர் என்பதற்காக அவருக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

முஸ்லிம்களின் பொருளாதார வாழ்வைத் தன் ஆராய்ச்சிப் பொருளாகத் துணிந்து எடுத்தவர் காத்தான்குடியைச் சேர்ந்த கலாநிதி அமீர் அலி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பியைத் துரைமார் மட்டும் பயிரிடவில்லை, சாதாரணக் குடியானவர்களும் பயிரிட்டார்கள் என்று காட்டிய கட்டுரையோடு அவர் பெயர் தெரிய வந்தது. பிறகு அவுஸ்திரேலியாவில் கலாநிதிப் பட்டத்துக்காக, 1800 முதல் 1915 வரை இலங்கை முஸ்லிம்களின் சமயக் கோட்பாடும் பொருளாதார நடைமுறையும் எப்படி ஒட்டியும் விலகியும் இருந்தன என்று ஆராய்ந்தார். 1915 கலவரத்தைப் பற்றிய அவருடைய மறுபார்வை, சில்லறை வியாபாரப் போட்டியைக் கணக்கில் எடுக்காமல் அந்தக் கலவரத்தை விளங்க முடியாது என்கிறது. மேடையில் இன்றும் அவரோடு சண்டை பிடிப்பவர்கள் உண்டு. அவர் சொல்வதை எல்லாம் நானும் ஏற்பதில்லை. ஆனால் தன் சமூகத்தைப் பொருளியல் கண்ணால் பார்க்கலாம் என்று முதலில் காட்டியவர் அவர்.

இனி 1990.

அந்த ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். 70,000க்கும் மேற்பட்ட சனம். மன்னார்த் தீவிலிருந்து வந்தவர்கள் மழைக்கடலில் படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். யாழ்ப்பாணத்தார் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வீட்டைப் பூட்டாமலே வந்தார்கள். பெரும்பாலானோர் நின்ற இடம் புத்தளம். பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் திறந்தன. தென்னந்தோட்டக்காரர்கள் இடம் கொடுத்தார்கள். கிடுகுக் கொட்டில்கள் எழும்பின. தில்லையடி, பாலாவி, உப்பளம் என்று வரிசையாக முகாம்கள். இந்தக் கதை நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததே. மலருக்காகத் திரும்பச் சொல்ல வரவில்லை. பொருளியல் ஆசிரியனாக எனக்கு முக்கியமானது அதற்கு அடுத்து நடந்தது.

கற்பிட்டிக் குடாநாட்டின் மணலில் கொஞ்சம் தோண்டினாலே நல்ல தண்ணீர் வரும். அந்தத் தண்ணீரில் சின்ன வெங்காயம், மிளகாய், பீட்ரூட், புகையிலை எல்லாம் விளையும். தண்ணீரும் மணலும் எப்போதும் இருந்தவைதான். குறைவாக இருந்தது கை. வெங்காயம் கையை வாங்கும் பயிர். குமிழைப் பிரித்து, பாத்தியில் ஒவ்வொன்றாக ஊன்றி, களை பிடுங்கி, காலையும் மாலையும் தண்ணீர் வார்த்து, கிண்டி எடுத்து, தாளோடு முடிச்சுக் கட்டித் தொங்கவிட்டுக் காயவைக்கும்வரை குனிந்த முதுகு நிமிராது. 1990க்குப் பிறகு விடியற்காலையில் முகாம் வாசலில் ட்ராக்டர் வந்து நிற்கும். ஊரில் கடை வைத்திருந்தவர், வலை வைத்திருந்தவர், சொந்தக் காணியில் நெல் விதைத்தவர், அவர்களின் மனைவியர், எல்லோரும் பெட்டியில் ஏறினார்கள். கரும்பலகையில் நிரம்பல் வளையியை வலப்பக்கம் நகர்த்தி வரைந்து, கூலி விழும் என்று நாங்கள் படிப்பிப்பது சுண்ணக்கட்டிக் கோடு. இங்கே அது மனுசர்.

இதைச் சரியாக நோக்கியவர் என். சண்முகரத்தினம். நோர்வேயில் ஒஸ் நகரத்து உயிரியல் பல்கலைக்கழகத்தில் அபிவிருத்தித் துறைப் பேராசிரியராக இருந்த அரசியல் பொருளியலாளர். வடமேற்கு இலங்கையில் கட்டாய இடப்பெயர்வு உள்ளூர் அரசியல் பொருளாதாரத்தை எப்படி மாற்றியது என்ற அவருடைய ஆய்வு 2000இல் கொழும்பில் சமூக விஞ்ஞானிகள் சங்க வெளியீடாக வந்தது. அகதி என்றால் வாய்க்குச் சோறும் தலைக்குக் கூரையும் வேண்டியவர் என்றுதான் அன்றைய நிவாரண அறிக்கைகள் எல்லாம் எழுதின. அவர்களை உழைப்பாளராகவும், வந்த இடத்துப் பொருளாதாரத்தையே புரட்டிப்போட்டவர்களாகவும் பார்த்தது இந்த ஆய்வு. மலிவான உழைப்பு வந்ததும் வர்த்தக விவசாயம் விரிந்தது. காணி உள்ளவர் கை ஓங்கியது. ஏற்கெனவே கூலிக்குப் போய்க்கொண்டிருந்த உள்ளூர் ஏழை நெருக்கப்பட்டார். வந்தவருக்கும் இருந்தவருக்கும் இடையே தண்ணீர், காணி, பாடசாலை இடம், பல்கலைக்கழக அனுமதி என்று எழுந்த உரசலை எல்லாம் குணக்கேடு என்று பள்ளியில் பயான் செய்தோம். கூலிச் சந்தையை யாரும் பேசவில்லை.

இதோடு என் கணக்கையும் சேர்த்துச் சொல்கிறேன். முகாமில் குடும்பத்துக்கு உலர் உணவு அட்டை இருந்தது. அரிசி, மாவு, சீனி, பருப்பு. விலைவாசி ஏற ஏற அட்டையின் பெறுமதி ஏறவில்லை என்பது உண்மை. ஆனாலும் அடுப்பில் பாதி அரிசி அட்டையில் வருவதால், தோட்டத்துக்காரர் கொடுத்த குறைந்த கூலிக்கு ஒருவர் உடன்பட முடிந்தது. அப்படியானால் அந்த நிவாரணத்தில் ஒரு பங்கு அகதிக்குப் போகவில்லை, வெங்காயத் தோட்டத்துக்குப் போயிருக்கிறது. எவ்வளவு பங்கு என்று அளந்து பார்ப்பது ஒரு நல்ல ஆராய்ச்சி. அட்டைக்குப் பொருள் கொடுத்த சங்கக்கடைகளின் பதிவேடுகள் கறையான் தின்னாமல் இருந்தால் இப்போதும் செய்யலாம்.

நோர்வேயிலிருந்தே இன்னொருவரும் வந்தார். த்ரொண்ட்ஹைம் பல்கலைக்கழகப் புவியியலாளர் கத்ரீன் புருண். புத்தளத்து முகாம்களிலும் கிராமங்களிலும் தங்கி ஆராய்ந்து, 2008இல் நூலாக வெளியிட்டார். உள்ளூர்ப் பிரசையா, இடம்பெயர்ந்தவரா என்ற இரண்டு பெட்டிக்குள் மனிதரைப் போடுவதால் வரும் சிக்கல் அவருடைய பொருள். நம் தரப்பில் இந்தப் பொறுப்பைத் தோளில் சுமந்தவர் பேராதனைப் புவியியல் பேராசிரியர் எஸ். எச். ஹஸ்புல்லாஹ். எருக்கலம்பிட்டிக்காரர். வெளியேற்றப்பட்டவர்களில் ஒருவராக நின்றுகொண்டே, இழந்த வீடு, காணி, சொத்துக்களின் விவரத்தை ஊர் ஊராகச் சேகரித்தார். அந்த ஆய்வு 2001இல் நூலாயிற்று. போர் முடிந்த பிறகு மன்னாருக்கும் முசலிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஓயாமல் அலைந்தார். 2018 ஆகஸ்டில் யாழ்ப்பாணத்திலேயே மௌத்தானார். அவரைப் பொருளியலாளர் என்று யாரும் அழைப்பதில்லை. ஆனால் தில்லையடியில் பத்துப் பேர்ச் காணியில் வாழும் ஒரு குடும்பத்தின் ஐந்தொகையை எழுத வேண்டும் என்றால், சொத்துப் பக்கத்தில் எதையெல்லாம் எழுத வேண்டியிருந்தது என்பதை அவர் ஏடுகளைப் பார்த்தே அறியலாம்.

ஒருவர் அரசியல் பொருளியலாளர், இருவர் புவியியலாளர். உள்நாட்டுப் பொருளியல் துறைகள் எங்கே போயின? நியாயமாகச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துத் துறை போருக்குள் இருந்தது. 1995இல் நகரமே இடம்பெயர்ந்தது. கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு முஸ்லிம் மாணவர்கள் போக முடியாத நிலை வந்தது. அதன் விளைவாக, அன்றைய அமைச்சர் எம். எச். எம். அஷ்ரபின் முயற்சியில், 1995 ஒக்டோபரில் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. அடுத்த வருடமே அது முழுப் பல்கலைக்கழகமாயிற்று. இடம்பெயர்ந்த மாணவர்களுக்காகவே பிறந்த பல்கலைக்கழகம் என்றால் அது மிகையில்லை. கலை கலாசார பீடம், முகாமைத்துவ வர்த்தக பீடம் என்ற இரண்டோடு தொடங்கியது. தில்லையடியின் பொருளியல், வர்த்தகப் பட்டதாரிகளுக்குத் தாய்வீடு இன்று ஒலுவில். நம் மாகாணத்துக்குள்ளேயே குளியாப்பிட்டியில் வயம்பப் பல்கலைக்கழகம் 1999இல் வந்தது. அங்கே வர்த்தகக் கல்வியும் நிதியியலும் ஒரு பீடமாகவே உண்டு. தூரம் குறைவு, ஆனால் தமிழ்மொழி மூலம் படித்த பிள்ளைக்கு அது தூரமாகவே இருந்துவருகிறது.

முகாமைத்துவ பீடங்கள் பெருகியபோது பொருளியலாளரின் அக்கறையும் இடம் மாறியது. 2005இல் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டு இஸ்லாமிய வங்கி முறைக்கு வழி திறந்தது. 2011இல் அமானா வங்கி முழு வங்கியாகத் தொழில் தொடங்கியது. முழாறபா, முஷாறகா, இஜாறா என்ற ஒப்பந்த வகைகள் எல்லாம் ஆய்வுத் தலைப்புகளாயின. நல்ல விஷயம். ஆனால் எனக்கு ஒரு மனக்குறை. வாடிக்கையாளர் திருப்தி பற்றி ஐந்து கட்டக் கேள்விக்கொத்து அச்சடித்து, நூறு பேரிடம் 'மிகவும் உடன்படுகிறேன்' என்று கோடு போடவைத்து, கணினியில் போட்டுத் தொடர்புக் குணகம் எடுத்துக் கட்டுரை எழுதி முடித்துவிடுகிற பழக்கம் வந்துவிட்டது. வங்கிக்குப் போகாத பெண்களின் சீட்டுக் கட்டுதலும் நகை அடைவும் அந்தக் கேள்விக்கொத்தில் வராது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் அகிலன் கதிர்காமர் போன்றோர் நுண்கடன், கூட்டுறவு, கிராமியக் கடன்சுமை என்று எடுத்துக்கொண்டது எனக்கு அதனாலேயே ஆறுதல். அவர் இருப்பதும் சமூகவியல் துறையில் என்பது வேறு கதை.

விவசாயப் பொருளியல் இந்தக் குறைக்கு விலக்கு. நம் மாவட்டத்து லுணுவிலவில் 1929இல் தொடங்கிய தெங்கு ஆராய்ச்சி நிலையத்தில் பொருளியலுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. தென்னை மழையைக் கணக்கு வைத்திருக்கும் மரம். வருடத் தொடக்கத்து மூன்று மாத மழை அடுத்த வருடக் காயில் தெரியும். இந்தத் தொடர்பைக் கொண்டு நாட்டின் தேங்காய் விளைச்சலை முன்கூட்டியே மதிப்பிடும் முறையை அங்குள்ளவர்கள் உருவாக்கினார்கள். தேங்காய் விலை ஏறும்போது வியாபாரியைத் திட்டுவதற்கு முன்னால் போன வருட மாசி மழையையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே இரவில் தடைசெய்யப்பட்டபோது, இலங்கை விவசாயப் பொருளியலாளர் சங்கம் கணக்குப் போட்டு எச்சரித்தது. நெல்லில் 25, தேயிலையில் 35, தென்னையில் 30 சதவீத விளைச்சல் விழும் என்றார்கள். கேட்பாரில்லை. நவம்பரில் தடை திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் கற்பிட்டித் தோட்டக்காரர் ஒரு போகத்தைப் பறிகொடுத்திருந்தார். இதே கற்பிட்டியில் பசளை மிஞ்சிப்போய் நிலத்தடி நீரில் நைத்திரேற்று சேர்ந்ததை எண்பதுகளிலிருந்தே விஞ்ஞானிகள் அளந்து வந்திருக்கிறார்கள். மிஞ்சிய பசளையின் விலையைக் கிணறு கொடுத்தது, இல்லாத பசளையின் விலையைத் தோட்டம் கொடுத்தது. இரண்டையும் ஒரே தாளில் கூட்டிக் கழித்துக் காட்டுவது பொருளியலாளர் வேலை. விவசாயப் பொருளியலாளர்களிடம் அந்தத் திறமை இருக்கிறது.

ஆராயப்படாமல் கிடப்பவை என்ன என்று ஒரு பிள்ளை வந்து கேட்டால் நான் முதலில் சொல்வது வீட்டலகு என்ற விஷயத்தை. தொகைமதிப்புத் திணைக்களம் வருமானச் செலவு மதிப்பீடு செய்யும்போது, ஒரே சமையலில் சேர்ந்து சாப்பிட்டு வாழ்பவர்களை ஒரு வீட்டலகு என்று எண்ணும். போர் முடிந்த 2009க்குப் பிறகு தில்லையடியில் எத்தனை குடும்பம் அப்படி வாழ்கிறது? வாப்பா முசலியில் காடு வெட்டி நெல் விதைக்கிறார். உம்மா இங்கே பிள்ளைகளின் படிப்புக்காக நிற்கிறார். மூத்த மகன் கட்டாரில். நோன்புப் பெருநாளுக்குத்தான் எல்லோரும் ஒரே சகனில் கை வைப்பார்கள். இந்தக் குடும்பம் மன்னார்ப் புள்ளிவிவரத்தில் ஏழையா, புத்தளப் புள்ளிவிவரத்தில் பணம் வரும் வீடா? இரண்டு இடத்திலும் பாதிப் பாதியாக எண்ணப்பட்டு, இரண்டு இடத்திலும் பிழையாக விளங்கப்படுகிறது என்பது என் சந்தேகம். வாக்காளர் இடாப்பு எங்கே என்ற அரசியல் சண்டையில் இந்தப் பொருளியல் கேள்வி அமுங்கிப்போயிற்று.

இரண்டாவது, வீடு. 2007இல் உலக வங்கி 3 கோடி 20 இலட்சம் டொலரில் புத்தளம் வீடமைப்புத் திட்டத்தைத் தொடங்கியது. கிடுகு போய்ச் சுவர் வந்தது. கடனுக்கு ஈடு வைக்கத் தக்க சொத்து அதனால் கூடியதா, உறுதி கையில் வந்த பெண் கடை போட்டாளா, காணி விலை எவ்வளவு ஏறியது என்று, திட்டக்காரரின் முடிவறிக்கையைத் தாண்டி, நம் பிள்ளை ஒருவர் எழுதலாம். மூன்றாவது, வெளிநாட்டுக் காசு. மாவட்டத்தின் தெற்கே வென்னப்புவையில் இத்தாலிக் காசு மாடியாக நிற்கிறது. நம் பக்கத்தில் வளைகுடாக் காசு சீதனமாகவும் முச்சக்கர வண்டியாகவும் போகிறது. ஒரே மாவட்டம், இரண்டு வகைப் பணம், இரண்டு வகைச் செலவு. உப்பளக் கூலி, இறால் பண்ணை நோயில் விழுந்த கதை, நுரைச்சோலை அனல்மின் நிலையத்தைச் சுற்றிய காணி விலை என்று இன்னும் அடுக்கலாம். பக்கம் போதாது.

ஒலுவிலிலும் யாழ்ப்பாணத்திலும் பேராதனையிலும் சிறப்புப் பட்டம் முடிப்பவர்கள் இறுதி ஆண்டில் ஆய்வேடு எழுதுகிறார்கள். நம் ஊர்ப் பிள்ளைகளில் பலர் தில்லையடியையே களமாக எடுத்து எழுதியிருப்பதும் எனக்குத் தெரியும். அவை துறை அலுமாரியில் பூட்டிக் கிடக்கின்றன. ஆளுக்கொரு பிரதியை நம் ஊர் நூலகத்துக்கும் கொண்டுவந்து தாருங்கள். தட்டச்சுப் பிழை இருந்தாலும் பரவாயில்லை, பழைய பென்டிரைவில் இருந்தாலும் பரவாயில்லை, அச்சடித்துக் கட்டுகிற செலவை மலர்க் குழுவினர் ஏற்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.